பிறக்காதவர்களை வணங்கிய பாண்டியன்

தென்காசியைத் தந்த பராக்கிரம பாண்டியனின் வாழ்க்கை

மன்னனை மக்கள் வணங்குவார்கள். அது உலக வழக்கம். சிற்றரசர்கள் வணங்குவார்கள். தோற்ற பகைவர்கள் வணங்குவார்கள். புலவர்கள் கூட வணங்கிப் பாடுவார்கள்.

ஆனால் ஒரு மன்னன் மக்களை வணங்கினான். அதுவும் தன் கண் முன்னே நின்ற மக்களை அல்ல. இன்னும் பிறக்காத மக்களை வணங்கினான். தனக்குப் பிறகு நூறு ஆண்டோ, ஐந்நூறு ஆண்டோ கழித்து வரப் போகிறவர்களை வணங்கினான். அதைக் கல்லில் வெட்டியும் வைத்தான்.

அவன் பெயர் பராக்கிரம பாண்டியன். தென்காசிக் கோயிலைக் கட்டியவன் அவன்தான். அவன் வணங்கியது யாரை? ஏன் வணங்கினான்? அதைச் சொல்வதுதான் இந்தக் கதை.

மதுரை போயிற்று

பாண்டியர் என்றால் மதுரை. மதுரை என்றால் பாண்டியர். சங்க காலம் தொட்டு இப்படித்தான் சொல்லி வந்தார்கள்.

அந்த மதுரை பாண்டியர் கையை விட்டுப் போயிற்று. அரியணைக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக் கொண்டார்கள். வீட்டில் சண்டை என்றால் வெளியாளுக்கு வாசல் திறந்தது போலத்தானே? 1311-ம் ஆண்டில் டில்லியிலிருந்து மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி ஏற்பட்டது. 14-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஜயநகரத்துக் குமார கம்பணர் படையோடு வந்து அந்த ஆட்சியை முடித்தார். அதன் பிறகும் மதுரை பாண்டியர்களுக்குப் பழையபடி கிடைக்கவில்லை.

பாண்டியர் குடும்பத்தார் தெற்கே நகர்ந்தார்கள். பொதிகை மலையின் பக்கம் வந்தார்கள். பெரிய நாடு சின்ன நாடாயிற்று. மீன் கொடி மட்டும் மிஞ்சியது.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன்தான் நம் பராக்கிரம பாண்டியன். அரிகேசரி என்றும் அவனுக்குப் பெயர் உண்டு. 1422-ல் அவன் அரியணை ஏறினான். 1463 வரை 41 ஆண்டுகள் ஆண்டான்.

சின்ன நாடு என்றாலும் பகைக்குக் குறைவில்லை. மேற்கே மலையைத் தாண்டினால் சேர நாடு. மலைக்கு நடுவே செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது. வியாபாரிகளும் அந்த வழியாகத்தான் வருவார்கள். படைகளும் அந்த வழியாகத்தான் வரும். சேரரோடு நடந்த போர்களில் பாண்டியன் வென்றான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. குற்றாலமும் சங்கரன்கோயிலும் அந்தப் போர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர்கள். இன்று நாம் துண்டும் எண்ணெயும் எடுத்துக் கொண்டு குளிக்கப் போகிறோமே, அந்தக் குற்றாலத்தில் ஒரு காலத்தில் வாளும் வேலும் மோதின!

போரில் வென்றவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேரை நாம் நினைக்கிறோம்? பராக்கிரம பாண்டியனை நினைப்பது அவன் வாளுக்காக அல்ல. அவன் கட்டிய கோயிலுக்காகவும், அதைச் சுற்றி எழுந்த ஊருக்காகவும்தான்.

எறும்பு காட்டிய வழி

அந்தக் காலத்தில் காசிக்குப் போவது என்றால் நடந்துதான் போக வேண்டும். பொதிகை மலை அடிவாரத்திலிருந்து காசி 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. போக மாதக் கணக்கு, வர மாதக் கணக்கு. காடு உண்டு, கள்வர் உண்டு, காய்ச்சல் உண்டு. புறப்படும்போதே வீட்டில் அழுது வழியனுப்புவார்கள். திரும்பி வந்தவர்களை விடத் திரும்பாதவர்கள் அதிகம் என்பார்கள்.

இதை எண்ணி மன்னன் வருந்தினானாம். அப்போது சிவபெருமான் அவன் கனவில் வந்தார் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். காலையில் எழுந்ததும் ஓர் எறும்பு வரிசை தெரியும், அதன் பின்னே போ, அது முடியும் இடத்தில் கோயில் கட்டு என்று இறைவன் சொன்னாராம். மன்னன் எழுந்து பார்த்தான். எறும்பு வரிசை இருந்தது! அதன் பின்னாலேயே நடந்தான். சிற்றாற்றின் கரையில் இருந்த செண்பகக் காட்டுக்குள் அது போய் நின்றது. அங்கே லிங்கம் ஒன்றைக் கண்டான்.

இன்னொரு கதையும் உண்டு. மன்னன் காசிக்குப் போய் லிங்கம் கொண்டு வந்தானாம். வழியில் வில்வ மரங்கள் நிறைந்த ஓரிடத்தில் லிங்கத்தைச் சுமந்த பசு நின்று விட்டது. எவ்வளவு தட்டியும் நகரவில்லை. இறைவன் விருப்பம் அதுதான் என்று அங்கேயே லிங்கத்தை வைத்தார்கள். அந்த ஊர்தான் இன்று பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போன சிவகாசி!

கதைகளைக் கதைகளாகவே வைத்துக் கொள்வோம். அவற்றுக்குள் ஒரு கருத்து இருக்கிறது. ஏழைகளால் காசிக்குப் போக முடியவில்லை. ஆகவே காசியை ஏழைகளின் நடைதூரத்துக்குக் கொண்டு வர வேண்டும். தெற்கே ஒரு காசி, தென்காசி.

கோயில் எழுந்தது

1446-ம் ஆண்டில் காசி விசுவநாதர் கோயிலின் திருப்பணி உருவம் பெற்றது. மன்னன் வெட்டி வைத்த கல்வெட்டுகளிலிருந்து இதை அறிகிறோம்.

மலை நாட்டின் ஓரமாக இருந்ததால் கல்லுக்குப் பஞ்சமில்லை. சுமார் 550 அடி நீளமும் 300 அடிக்கு மேல் அகலமும் உள்ள பெருங்கோயில் எழுந்தது. சிவனுக்கு ஒரு சந்நிதி. உலகம்மனுக்கு ஒரு சந்நிதி. முன் மண்டபத்தில் வீரபத்திரர், ரதி, மன்மதன், காளி என்று ஆளுயரத்துக்கும் மேலான சிலைகள் நிற்கின்றன. தூணும் சிலையும் ஒரே கல். விரல் நகம், கழுத்து மாலை, இடையின் ஆடை மடிப்பு எல்லாம் உளியால் வந்தவை. பார்த்துக் கொண்டே நின்றால் பொழுது போவது தெரியாது.

பத்து ஆண்டுகள் கழித்துக் கோபுர வேலை தொடங்கியது. ஒன்பது நிலைக் கோபுரம்! மதுரையை ஆண்ட பேரரசனுக்கே அது பெரிய காரியம். ஒரு மூலையில் ஒதுங்கிய சின்ன அரசனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப் பாருங்கள். இது என்னால் ஆன வேலை அல்ல, இறைவன் செய்து கொண்ட வேலை என்ற பொருளில் மன்னன் கல்வெட்டில் அடக்கமாகச் சொல்கிறான்.

ஊரும் எழுந்தது

கோயில் கட்டினால் மட்டும் போதுமா? பூத்தொடுப்பவர் வேண்டும். எண்ணெய் ஆட்டுபவர் வேண்டும். குயவர், கொல்லர், தச்சர், நெசவாளர், கணக்கர் எல்லாரும் வேண்டும். அவர்களுக்கு வீடு வேண்டும். வீட்டுக்குத் தெரு வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோயில் நகரங்களைப் பார்த்திருப்பீர்கள். நடுவே கோயில். அதைச் சுற்றி நான்கு ரத வீதிகள். கோயில் வாசலிலிருந்து நேராகப் போவது சந்நிதித் தெரு. பக்கத்திலே குளம் அல்லது ஆறு. தென்காசியும் இந்த முறையில் அமைந்த ஊர்தான். இது நடப்பவர்களுக்கான ஊர். கோயில், கடை, வீடு, ஆற்றங்கரை எல்லாமே நடைதூரம். கிழவியும் குழந்தையும் வழி தவறாமல் வீடு வந்து சேரலாம். எங்கே நின்றாலும் கோபுரத்தைப் பார்த்துத் திசை சொல்லலாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதுதான் தேர்.

மாசி மகத்தை ஒட்டித் தென்காசியில் தேர்த் திருவிழா நடக்கிறது. தேர் என்றால் லேசான பொருளா? நூற்றுக் கணக்கானவர்கள் வடம் பிடித்தால்தான் அது நகரும். நின்ற இடத்தில் நிறுத்தவும், மூலையில் திருப்பவும் முட்டுக்கட்டை போட வேண்டும். தெரு அகலமாக இல்லாவிட்டால் தேர் போகாது. தெரு மேடு பள்ளமாக இருந்தால் தேர் சாயும். வீட்டுக்காரர் திண்ணையை ஒரு முழம் நீட்டிக் கட்டினால் தேர் முட்டும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை ஊரே கூடித் தெருவைப் பார்க்கிறது. மேட்டை வெட்டுகிறது, பள்ளத்தை மூடுகிறது, நீட்டியதை எடுக்கச் சொல்கிறது.

அதிகாரி அளவுகோலோடு வந்தால் ஆயிரம் சாக்குச் சொல்வார்கள். சாமியே தேரில் வந்தால் யார் சாக்குச் சொல்வார்கள்? தெருவுக்குத் தேரே காவல்காரன்!

இதே தந்திரத்தைப் பிற்காலத்தில் வெளிநாட்டு அறிஞர் ஒருவரும் கையாண்டார். அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். நகரங்களை அமைக்கும் கலையில் பேர் பெற்றவர். இந்தியாவுக்கு வந்து நம் கோயில் நகரங்களையும் பார்த்து வியந்தார். இந்தூர் நகரத்தில் பிளேக் நோயால் ஜனங்கள் தவித்தார்கள். தெருவெல்லாம் குப்பை. அங்கே தீபாவளி ஊர்வலத்தை நடத்தும் பொறுப்பு கெடிஸுக்குக் கிடைத்தது. ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருக்கள் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருக்கின்றனவோ அந்தத் தெருக்களில்தான் போகும் என்று அவர் அறிவித்து விட்டார். அவ்வளவுதான்! ஊரே விளக்குமாற்றை எடுத்தது. அபராதம் போட்டுச் செய்ய முடியாததை ஓர் ஊர்வலம் செய்து விட்டது.

பாண்டிய நாட்டுத் தேர் அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து கொண்டிருந்தது.

காற்றும் ஆறும்

தென்காசிக்குப் போனவர்கள் எல்லாரும் சொல்லும் ஒன்று உண்டு. கோபுர வாசலில் நுழையும்போது காற்று எதிரே வந்து தள்ளும். உள்ளே கொஞ்ச தூரம் போனால் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். வா, வா என்று சாமியே அழைப்பது போல் இருக்கும் என்பார்கள்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் போல நிற்கிறது. அந்தச் சுவரில் செங்கோட்டைப் பக்கம் ஓர் இடைவெளி இருக்கிறது. அதுதான் முன்னே சொன்ன கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் மலையாளக் கரையில் மழை கொட்டும். அந்தக் காற்று கணவாய் வழியாகப் புகுந்து தென்காசிப் பக்கம் வீசும். கூடவே பன்னீர் தெளித்தாற்போல் சாரல் விழும். அதே காலத்தில் குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் கொட்டும்.

அருவியில் விழுந்த தண்ணீர் வீணாகப் போவதில்லை. அது சிற்றாறாகிக் குற்றாலநாதர் கோயிலைத் தொட்டுத் தென்காசியை நனைத்து, வயல்களுக்கெல்லாம் பாய்ந்து, கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர்தான். மேலகரம் வழியாகக் காலார நடந்தே போய் விடலாம்.

மலை, காற்று, அருவி, ஆறு. இவை நான்கும் கூடும் இடத்தில் பாண்டியனின் கோயில் நிற்கிறது.

கல்லில் ஒரு விண்ணப்பம்

கோயில் வளர வளர மன்னனுக்கு ஒரு கவலையும் வளர்ந்தது. மதுரை என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய கட்டடமானாலும் ஒரு நாள் விரிசல் விடும். எவ்வளவு பெரிய அரசானாலும் ஒரு நாள் ஓயும். தன் பிள்ளை பார்ப்பான், பேரன் பார்ப்பான். அதற்கப்புறம்?

பல மன்னர்கள் இந்த இடத்தில் சாபம் போட்டிருக்கிறார்கள். இந்தத் தர்மத்தைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று பழைய கல்வெட்டுகளில் அடிக்கடி வரும்.

பராக்கிரம பாண்டியன் கெஞ்சினான். இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை நேர்ந்தால், அப்போது வந்து அதைச் சரி செய்து காப்பவர் யாராக இருந்தாலும் சரி, அவரை உலகம் அறிய இப்போதே நான் பணிந்து கொள்கிறேன் என்ற பொருளில் தமிழ்ப் பாட்டாக எழுதிக் கல்லில் வெட்டுவித்தான். தன் குலத்தில் வரப் போகிறவர்களிடமும் கோயிலை அடைக்கலமாக ஒப்படைத்தான்.

யாராக இருந்தாலும் என்கிறான், பாருங்கள்! தன் குலத்தார் மட்டும் என்று சொல்லவில்லை. அரசன்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை. முடி சூடிய தலை, யாரென்றே தெரியாத ஒருவனுக்கு முன்னால் தாழ்ந்தது. பயமுறுத்தினால் மனிதன் எதிர்த்து நிற்பான். வணங்கிக் கேட்டால் எப்படி மறுப்பான்?

தம்பி முடித்தான்

கோபுர வேலை நடந்து கொண்டே இருந்தது. 1463-ல் மன்னன் மறைந்தான். கோபுரம் முழுமையாக முடிந்ததைப் பார்க்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தம்பி குலசேகர பாண்டியன் அந்த வேலையைக் கையில் எடுத்தான். அண்ணன் வைத்த கல்லின் மேல் தம்பி கல் வைத்தான். கோபுரம் முடிந்தது.

முன்பு அண்ணனும் தம்பியும் சண்டையிட்டதால் மதுரை போயிற்று. இப்போது அண்ணன் விட்டதைத் தம்பி முடித்ததால் தென்காசி நின்றது. வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டிய பாடம் இது.

அந்தக் குலம் 17-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தென்காசியில் ஆண்டது. 1564-ல் பட்டத்துக்கு வந்த அதிவீரராம பாண்டியன் பெரும் புலவன். குழந்தைகள் படிக்கும் வெற்றிவேற்கையை எழுதியவன் அவன்தான். நைடதமும் அவன் பாடியதே. பிறகு பாண்டியர் பெயர் சரித்திரத்திலிருந்து மறைந்தது.

மொட்டைக் கோபுரம்

மன்னன் எதை நினைத்து அஞ்சினானோ அது நடந்தது. காலப் போக்கில் கோபுரம் சிதைந்தது. இடி விழுந்து பிளந்தது என்று சொல்பவர்கள் உண்டு. மேல் நிலைகள் போய், பிளந்த அடிப்பகுதி மட்டும் நின்றது. ஜனங்கள் அதை மொட்டைக் கோபுரம் என்றார்கள். பல தலைமுறைகள் அப்படியே பார்த்துப் பழகி விட்டார்கள்.

பாண்டியர் இல்லை. படை இல்லை. அரண்மனை இல்லை. ஆனால் கல்வெட்டு இருந்தது. அதில் மன்னன் வணங்கியபடியே நின்றான்.

கடைசியில் திருப்பணி தொடங்கியது. 1990 ஜூன் மாதத்தில் புதிய ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது. மன்னன் மறைந்து 527 ஆண்டுகள் ஆகியிருந்தன. முடி மன்னர்கள் இல்லாத காலத்தில், குடிமக்களின் கையால் அவன் கோபுரம் மறுபடி எழுந்தது. பிறக்காதவர்களுக்கு அவன் போட்ட கும்பிடு வீண் போகவில்லை.

இன்னும் ஒரு கடன்

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டத்தின் தலைநகரம் ஆயிற்று. பாண்டியர் காலத்துக்குப் பிறகு மறுபடியும் தலைநகரம்! நல்ல காரியம்தான். ஆனால் தலைநகரம் என்றால் கூட்டமும் உண்டு. பஸ், லாரி, ஆட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் வந்து சேர்ந்தன. குற்றாலத்தில் சீசன் வந்தால் கேட்கவே வேண்டாம். கால்நடையாகப் போகிறவனுக்குத்தான் திண்டாட்டம். நடப்பவர்களுக்காக அமைந்த ஊரில் நடப்பவன் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியிருக்கிறது.

சிற்றாற்றுக்கும் கஷ்ட காலம்தான். மலையிலிருந்து பளிங்கு போல இறங்கும் தண்ணீரில் நாம் சோப்பு நுரையையும் ஷாம்பு உறைகளையும் விட்டோம். அருவியில் சோப்புப் போட்டுக் குளிக்கக் கூடாது என்று தடை போட வேண்டிய நிலை வந்து விட்டது. ஆற்றுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கவும் நாம் மறந்து விட்டோம். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவனின் உயிரைக் கொண்டு போனதை யாரும் மறக்க முடியாது.

உலகத்தில் பல நகரங்கள் இன்று விழித்துக் கொண்டிருக்கின்றன. தென் கொரியாவின் தலைநகரமான சியோலில் ஓர் ஓடையை மூடி, அதன் மேல் பெரிய மோட்டார் சாலையைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பிறகு சாலையை இடித்து விட்டு, 2005-ல் ஓடையை மறுபடி திறந்து விட்டார்கள். இப்போது நகரத்தின் நடுவே சுமார் 6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஜனங்கள் தண்ணீர் ஓரமாகக் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள்.

நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான்கு ரத வீதிகள் இருக்கின்றன. சந்நிதித் தெரு இருக்கிறது. யானைப்பாலத்தின் கீழே சிற்றாறு இருக்கிறது. தேர் ஓடும் அன்று மட்டும் தெருவை விட்டுக் கொடுக்கிறோம். மற்ற நாட்களிலும் நடப்பவனுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால் என்ன? கடையை ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தால் போதும். வண்டியை ஓரமாக நிறுத்தினால் போதும். ஆற்றங்கரையில் குப்பை போடாமல் இருந்தால் போதும். கரையோரம் மரம் வைத்து ஒரு நடைபாதை போட்டால், தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குத் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக் கொண்டே நம் பிள்ளைகள் நடந்து போவார்கள்.

கோபுரத்தைக் காட்டிக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் தாய்மார்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம். குறை வரும்போது வந்து சரி செய்பவர்களுக்கு ஒரு மன்னன் முன்கூட்டியே கும்பிடு போட்டு விட்டுப் போயிருக்கிறான். கோபுரத்தின் குறை தீர்ந்தது. தெருவும் ஆறும் காத்திருக்கின்றன. அந்தக் கும்பிட்டில் நமக்கும் பங்கு வேண்டாமா?